நல்ல பெல்ட்டை ஏன் மாற்ற வேண்டும்?

ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மைல்மானி 1,12,000 கி.மீ. என்று காட்டுகிறது. மெக்கானிக் எஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டைமிங் பெல்ட்டை மாற்றிவிடுங்கள் சார்" என்கிறார். மூடியைக் கழற்றிப் பார்த்தால் பெல்ட் கறுப்பாக, பற்கள் ஒன்றுகூடத் தேயாமல் ஒழுங்காகவே இருக்கிறது. மாற்றுவதற்கோ பல ஆயிரம் ரூபாய் ஆகும். நன்றாக இருக்கும் பொருளைக் கழற்றி எறியச் சொல்வது நியாயமா? அது அறுந்தபின் மாற்றிக்கொண்டால் போதாதா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது பணத்தைப் பற்றிய கேள்வி. ஆனால் இதற்கு விடை காண இயற்பியல், வேதியியல், நிகழ்தகவுக் கணிதம் மூன்றும் வேண்டியிருக்கின்றன. முதலில் பெல்ட் என்பது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

பிடித்து இழுக்கும் உராய்வு

மாவு மில்லுக்குப் போயிருப்பீர்கள். மூலையில் மோட்டார் சுழலும். அதிலிருந்து பெல்ட் ஒன்று ஓடி அரைக்கும் எந்திரத்தைச் சுழற்றும். கப்பியும் பெல்ட்டும் வெறுமனே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவே தவிர, ஆணி அடித்தோ பசை தடவியோ ஒட்டவில்லை. இழுப்பது முழுவதும் உராய்வுதான்.

இந்த உராய்வின் பலத்தைத் துறைமுகத்தில் காணலாம். கரையிலுள்ள இரும்புக் குற்றியில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரே ஆள் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு பெரிய படகை நிறுத்திவிடுகிறார். கயிற்றுக்கும் குற்றிக்கும் இடையே உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், அரைச் சுற்றில் இழுவிசை ஏறக்குறைய 2.6 மடங்காகிறது. முழுச் சுற்றில் 6.6 மடங்கு. மூன்று சுற்றில் சுமார் 286 மடங்கு! சுற்று கூடக்கூட விசை கூட்டல் முறையில் ஏறுவதில்லை, பெருக்கல் முறையில் ஏறுகிறது. ஆய்லர், ஐட்டெல்வைன் என்ற இருவர் பெயரால் இவ்விதியைக் குறிப்பிடுவார்கள்.

கார் எஞ்சினில் மூன்று சுற்றுச் சுற்ற இடம் ஏது? பெல்ட் கப்பியில் பெரும்பாலும் அரைச் சுற்றுக்குத்தான் படிகிறது. தட்டைப் பெல்ட்டாக இருந்தால், இறுகிய பக்கத்து விசை தளர்ந்த பக்கத்து விசையைப் போல 2.6 மடங்குக்கு மேல் போனவுடன் வழுக்கிவிடும். இதற்கு எளிய உபாயம் ஒன்றுண்டு. கப்பியில் ஆங்கில 'வி' எழுத்துப் போன்ற பள்ளம் வெட்டி, அதே வடிவில் பெல்ட்டையும் செய்துவிட்டால், பெல்ட் ஆப்புப் போலப் பள்ளத்துக்குள் இறங்கிச் சுவர்களை நெருக்குகிறது. பள்ளத்தின் கோணம் 38 பாகை என்றால் உராய்வு மூன்று மடங்கானதற்குச் சமம். அதே அரைச் சுற்றில் 2.6 என்பது 18 ஆகிவிடுகிறது. ரப்பரும் துணியும் கொண்டு இத்தகைய வி பெல்ட்டை 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் செய்தார். நம் மதுரையில் கோச்சடையிலுள்ள ஃபென்னர் தொழிற்சாலையும் வி பெல்ட்டுகளுக்குப் பெயர் பெற்றதுதான்.

அம்பாசடர் கார் ஓடிய காலத்தில் எஞ்சினின் முன்புறம் ஓடிய ஃபேன் பெல்ட் இந்த வகையைச் சேர்ந்தது. விசிறி, நீர்ப் பம்பு, டைனமோ மூன்றையும் அது ஓட்டியது. அது அறுந்தால் முதலில் மின்னேற்றத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரியும். சற்று நேரத்தில் ரேடியேட்டர் கொதிக்கத் தொடங்கும். ஓட்டுநர் உடனே வண்டியை நிறுத்தினால் எஞ்சினுக்குக் கேடில்லை. டிக்கியில் உபரியாக வைத்திருக்கும் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிடலாம். அந்தக் காலத்து டாக்சிக்காரர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். பின்னாளில் பல வரிகளுள்ள ஒரே நீளப் பெல்ட் ஏசி, பவர் ஸ்டியரிங், ஆல்ட்டர்னேட்டர் எல்லாவற்றையும் வளைந்து வளைந்து ஓட்டத் தொடங்கியது. அது அறுந்தால் எல்லாம் ஒன்றாக நிற்கும்.

ஆனால் நம் கதாநாயகன் இவையல்ல, மூடிக்குள் மறைந்திருக்கும் டைமிங் பெல்ட்தான்.

தையல் எந்திரத்திலிருந்து காருக்கு

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும்போது கேம் தண்டு ஒரு முறைதான் சுற்றவேண்டும். வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் தண்டு. பிஸ்டன் மேலே வருவதற்குள் வால்வு மூடியாக வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இதில் வழுக்கலுக்கு இடமே இல்லை. உராய்வை நம்பும் பெல்ட் இங்கே உதவாது.

ஆகவே நெடுங்காலம் இவ்வேலையைப் பல்சக்கரங்களும் உருக்குச் சங்கிலிகளும் செய்துவந்தன. அம்பாசடரின் பழைய 1489 சி.சி. எஞ்சினில் சங்கிலிதான் உண்டு. 1940களில் அமெரிக்காவில் கில்மர் என்ற பெல்ட் நிறுவனம் சிங்கர் தையல் எந்திரத்துக்காகப் பல் வைத்த பெல்ட் ஒன்றை உருவாக்கியது. ஊசியும் கீழே நூல் பிடிக்கும் கொக்கியும் இம்மியும் பிசகாமல் ஒன்றுக்கொன்று ஒத்துச் சுழலவேண்டும் அல்லவா? அதற்காகத்தான். ஊசிக்கும் கொக்கிக்கும் பொருந்தியது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் ஏன் பொருந்தாது? ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்ற சிற்றூரிலிருந்த கிளாஸ் நிறுவனம் 1962இல் தன் 1004 என்னும் சிறு காரில் அதை வைத்து விற்றது. 1966இல் இத்தாலியின் ஃபியட்டும் அமெரிக்காவின் பான்ட்டியாக்கும் பின்தொடர்ந்தன. நம் நாட்டில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் மூன்று சிலிண்டர் எஞ்சினிலும் பல் பெல்ட்தான். சங்கிலியைவிட விலை குறைவு, எடை குறைவு, சத்தம் குறைவு, எண்ணெய் போடவும் வேண்டாம். பல நிறுவனங்கள் இதற்கு மாறியதில் வியப்பில்லை.

சங்கிலிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தேயத் தேய அது தளர்ந்து கலகலவென்று ஓசை எழுப்பும். வண்டிக்காரருக்கு முன்னறிவிப்புக் கிடைக்கும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அறுந்துவிடும்.

அறுந்தால் என்ன ஆகும்?

இது எஞ்சினின் உள்ளமைப்பைப் பொறுத்தது. சில எஞ்சின்களில் வால்வு முழுவதும் திறந்து நின்றாலும், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதைத் தொடாத அளவு இடைவெளி உண்டு. பெல்ட் அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும், அவ்வளவுதான். வேறு பெல்ட் மாட்டினால் மறுபடி ஓடும்.

மற்ற வகையில் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. வால்வு விலகியதும் பிஸ்டன் வரும், பிஸ்டன் போனதும் வால்வு இறங்கும். பெல்ட் அறுந்ததும் கேம் தண்டு அங்கேயே நிற்கிறது. வண்டியின் வேகத்தால் கிராங்க் தண்டு தொடர்ந்து சுழல்கிறது. திறந்து நிற்கும் வால்வின் தலையில் பிஸ்டன் வந்து மோதுகிறது. வால்வுகள் வளைகின்றன, சில வேளை பிஸ்டனே உடைகிறது. ஒரு வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். டீசல் எஞ்சின்களில் காற்றைப் பெட்ரோல் எஞ்சினைவிட மிகுதியாக நெருக்குவதால் பிஸ்டனுக்கு மேலே உள்ள இடம் மிகக் குறுகியது. எனவே டீசல் எஞ்சின்கள் ஏறக்குறைய அனைத்துமே இந்த ஆபத்தான வகை.

அறுவதுகூட வேண்டாம், ஒரு பல் தாண்டினாலே தொல்லை. கிராங்க் தண்டின் சக்கரத்தில் 20 பற்கள் என்றால் ஒரு பல் தாண்டுவது 18 பாகை பிசகு. எஞ்சின் இழுவை குறைந்து திணறும். இரண்டு மூன்று பற்கள் தாண்டினால் மோதலே நிகழலாம்.

இருபது கோடிச் சுற்றுகள்

கார் மேல்கியரில் போகும்போது ஒரு மீட்டர் தூரத்துக்கு எஞ்சின் தோராயமாக இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. மணிக்கு 75 கி.மீ. வேகம், நிமிடத்துக்கு 2500 சுற்று என்று வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு இலட்சம் கி.மீ. என்பது பத்துக் கோடி மீட்டர். ஆக, இருபது கோடிச் சுற்றுகள். கிராங்க் சக்கரத்தில் 20 பற்களும் பெல்ட்டில் 100 பற்களும் இருந்தால், பெல்ட்டின் ஒவ்வொரு பல்லும் அந்தச் சிறு சக்கரத்தை நான்கு கோடித் தடவை வளைந்து கடந்திருக்கும்.

இத்தனை வளைவைத் தாங்குவது ரப்பர் அன்று. ரப்பருக்குள் நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழை நாண்கள்தான் இழுவிசையைச் சுமக்கின்றன. கண்ணாடி வளையுமா என்று கேட்பீர்கள். ஒரு பொருளை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் எவ்வளவு நீளுகிறது என்பது, அதன் தடிப்பை வளைவின் விட்டத்தால் வகுத்தால் ஏறக்குறையக் கிடைக்கும். 3 மி.மீ. கண்ணாடிக் கோலை 50 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்தில் வளைத்தால் நூற்றுக்கு 6 பங்கு நீளவேண்டும். அதற்கு வெகு முன்பே அது உடைந்துவிடும். நாணிலுள்ள இழையோ மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குத் தடிப்பே உள்ளது. அது நீளவேண்டியது ஐயாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணாடி அதை எளிதில் தாங்கும். ஆனால் இதே பெல்ட்டைக் கையால் இறுக மடித்தால் உள்ளே இழைகள் முறியும், வெளியே ஒன்றும் தெரியாது. புதுப் பெல்ட்டை மடிக்காதே, முறுக்காதே என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பது அதனால்தான்.

இங்கே நம் முதற்கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. "பார்க்க நன்றாக இருக்கிறது" என்பது டைமிங் பெல்ட் விஷயத்தில் பலவீனமான சாட்சி. விரிசல், விளிம்பில் பிசிறு, எண்ணெய்ப் பிசுக்கு, உதிர்ந்த பல் ஆகியவை கண்ணில் பட்டால் உடனே மாற்றவேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவை கண்ணில் படவில்லை என்பதால் உள்ளே நாண்கள் உறுதியாக இருக்கின்றன என்று ஆகாது.

கிலோமீட்டரா, ஆண்டுகளா?

கையேடுகளில் இரண்டு எல்லைகள் போட்டிருப்பார்கள். இத்தனை கி.மீ. அல்லது இத்தனை ஆண்டுகள், எது முந்துகிறதோ அது. வண்டிக்கு வண்டி மாறினாலும், பல கார்களுக்கு முதல் எண் 1,00,000 கி.மீ.க்கு முன்னும் பின்னுமாகவும், இரண்டாவது எண் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரையிலும் இருக்கக் காணலாம். ஓட்டாமலே நிறுத்தி வைத்த காருக்கு ஆண்டுக் கணக்கு எதற்கு?

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுகளின் பின்னல். வெப்பமும் ஆக்சிஜனும் அந்தப் பின்னலில் நாள்தோறும் வேலை செய்கின்றன. அதனால் ரப்பர் மெல்ல மெல்ல இறுகி, நெகிழ்ச்சியை இழக்கிறது. சமையலறை மூலையில் கிடந்த ரப்பர் வளையம் ஒரு வருஷம் கழித்துத் தொட்டதும் துண்டாவதைப் பார்த்திருப்பீர்கள். அதை யாரும் ஒரு கிலோமீட்டரும் ஓட்டவில்லை! வேதிவினைகள் பல 10 பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாக நடக்கும் என்பது உங்கள் பாடத்திலேயே வரும். டைமிங் பெல்ட்டுக்கு இப்போது பயன்படும் ஹைட்ரஜனேற்றிய நைட்ரைல் ரப்பர் வெப்பத்தையும் எண்ணெயையும் நன்றாகவே தாங்கும். என்றாலும் வெயிலூரில் ஓடும் எஞ்சினின் மூடிக்குள் அது படும் பாடு சாதாரணமன்று.

நெரிசலான நகரத்தில் ஓடும் வண்டிக்கு மைல்மானியும் முழு உண்மை சொல்வதில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது சக்கரம் சுழல்வதில்லை, எஞ்சின் சுழல்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஒரு மணி நேர நிறுத்தத்தில் 48,000 சுற்றுகள். மீட்டருக்கு இரண்டு சுற்று என்ற நம் கணக்குப்படி, அது 24 கி.மீ. நெடுஞ்சாலைப் பயணத்துக்குச் சமம். மைல்மானியிலோ பூஜ்யம். கையேட்டில் "கடின உபயோகத்துக்கு" என்று தனியாகக் குறைந்த எல்லை போட்டிருந்தால், நகரத்து டாக்சிக்கு உரியது அதுதான்.

சீட்டுக் குலுக்கலா, முதுமையா?

இனிக் கணிதத்துக்கு வருவோம். ஒரு பொருளை முன்கூட்டியே மாற்றுவதில் பயனுண்டா என்பது, அது எப்படிப் பழுதாகிறது என்பதைப் பொறுத்தது. டயரில் ஆணி குத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். புது டயரும் அரைப் பழசான டயரும் சாலையில் கிடக்கும் ஆணிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆணிக்குப் பயந்து நல்ல டயரை மாதந்தோறும் மாற்றினால் பணம்தான் விரயம். பெல்ட் அப்படியல்ல. முதல் 50,000 கி.மீ.யில் அது அறுவது அரிது. அதன்பின் ஒவ்வோர் ஆயிரம் கி.மீ.க்கும் ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது. இவ்விருவகைப் பழுதுகளையும் ஒரே சமன்பாட்டில் அடக்க வழிகாட்டியவர் வலோடி வெய்புல் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். அவர் 1951இல் வெளியிட்ட கட்டுரையின் முறையைத்தான் பந்துத் தாங்கி முதல் விமான உறுப்பு வரை எல்லாவற்றின் ஆயுளையும் மதிப்பிடப் பொறியாளர்கள் இன்றும் கையாளுகிறார்கள்.

ஆயுளில் முதுமை உண்டு என்பது மட்டும் போதாது. செலவுகளையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். எளிய எண்களை நாமே வைத்துக்கொள்வோம். பெல்ட்டை மாற்ற 8,000 ரூபாய். 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் ஒவ்வொரு 50,000 கி.மீ.க்கும் 4,000 ரூபாய் விழுகிறது. ஆகவே இன்னும் 50,000 கி.மீ. தள்ளிப்போட்டால் 4,000 மிச்சம். அறுந்தால் வால்வுகள் வளைந்து 60,000 ரூபாய்ச் செலவு என்போம். தள்ளிப்போடும் காலத்தில் அறுவதற்கான வாய்ப்பு 15இல் ஒன்று என்றால், எதிர்பார்க்கத்தக்க நஷ்டம் 60,000இல் 15இல் ஒரு பங்கு, அதாவது 4,000. மிச்சமும் நஷ்டமும் சரியாகிவிட்டன. வாய்ப்பு அதைவிடச் சற்றே கூடினாலும் தள்ளிப்போடுவது இழப்புதான்.

கவனியுங்கள்: 15 பேர் தள்ளிப்போட்டால் 14 பேருக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பதினான்கு பேரும் "நான் ஒன்றரை இலட்சம் ஓட்டினேன், என்ன ஆயிற்று?" என்று மற்றவர்களுக்குச் சொல்வார்கள். பதினைந்தாமவர் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். பதினான்கு பேர் சொல்வதும் பொய்யன்று. ஆனால் அதை வைத்து முடிவு செய்தால் கணக்குத் தவறும். இதேபோல, கழற்றிய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது இன்னும் ஓடியிருக்குமே" என்று வருந்துவோர் உண்டு. ஆம், பெரும்பாலும் ஓடியிருக்கும். மிகச் சில பெல்ட்டுகளே அறக்கூடிய தூரத்தைத்தான் எல்லையாகக் குறிக்கிறார்கள். அப்படியிருக்க, கழற்றும் பெல்ட்டுகளில் பெரும்பாலானவை நன்றாகத்தான் இருந்தாகவேண்டும்.

இப்போது எஞ்சினை மாற்றிப் போடுங்கள். வால்வும் பிஸ்டனும் மோதாத வகை. அறுந்தால் வண்டியை இழுத்துவரும் கூலி 3,000 ரூபாய் மட்டுமே. தள்ளிப்போட்டால் மிச்சம் 4,000. நிச்சயமாக அறுந்தாலும் ஆயிரம் ரூபாய் லாபம்! பணத்தை மட்டும் பார்த்தால் அறுந்த பிறகே மாற்றலாம். ஆனால் லாரிகள் விரையும் நெடுஞ்சாலையின் நடுவில், இரவில், குடும்பத்தோடு வண்டி சட்டென்று நிற்பதற்கு எத்தனை ரூபாய் போடுவது? அந்த எண்ணைக் கணிதம் தராது. வண்டிக்காரர்தான் போடவேண்டும்.

ஓசையும் சோனாமீட்டரும்

வெளியே ஓடும் பெல்ட்டுகளின் கதை சற்று இலகுவானது. அவை கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். ஏசியைப் போட்டதும் நீளமாகக் கிறீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். சீராகக் குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டுக் கேட்டால் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். மெக்கானிக்குகள் வரிகளின் மேல் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். ஓசை சற்று அடங்கிப் பிறகு திரும்பினால் கப்பியின் கோணல். ஓசை இன்னும் பலத்தால் இறுக்கம் போதவில்லை. (ஓடும் எஞ்சினுக்கு அருகே கையையோ, தளர்ந்த சட்டையையோ கொண்டுபோகக் கூடாது. பெல்ட்டும் கப்பியும் சேரும் இடத்தில் விரல் சிக்கினால் மீளாது. இந்தச் சோதனை பழகியவர் கைவேலை.)

பழைய நியோப்ரீன் பெல்ட்டில் விரிசல்களை எண்ணுவார்கள். ஒரே வரியில் மூன்று அங்குல நீளத்துக்குள் மூன்று விரிசல் தென்பட்டால் ஆயுளில் பெரும்பகுதி முடிந்தது என்று கொள்வார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து இ.பி.டி.எம். என்னும் வேறு ரப்பர் வந்தது. இது எளிதில் வெடிப்பதில்லை. அதனால் விரிசலை எண்ணும் பழைய மெக்கானிக் ஏமாந்துபோகிறார். இது காலணியின் அடிப்பாகம்போல் தேய்கிறது. வரிகளுக்கிடையே பள்ளம் அகன்று, பெல்ட் கப்பியின் அடிவரை இறங்கி உட்கார்ந்தால் ஆப்பு நெருக்கம் போய்விடும். நூற்றுக்கு ஐந்து பங்கு ரப்பர் தேய்ந்தாலே வழுக்கல் தொடங்கக்கூடும். இதைக் கண்ணால் மதிப்பிட இயலாது. பள்ளத்தில் வைத்துப் பார்க்கச் சிறு அளவுகோல் உண்டு.

இறுக்கத்தை அளக்கும் முறை உங்களுக்குப் பிடிக்கும். பழைய வி பெல்ட்டை எஞ்சின் நின்றிருக்கையில் கட்டைவிரலால் அமுக்கி, அரை அங்குலம் தாழ்கிறதா என்று பார்த்தார்கள். இப்போது பெல்ட்டை வீணைத் தந்திபோல் தட்டி, அது அதிரும் எண்ணை ஒரு சிறு கருவியால் கேட்கிறார்கள். சோனாமீட்டரில் நீங்கள் படித்த விதிதான் இது. இழுவிசை என்பது நான்கு, ஒரு மீட்டருக்குரிய நிறை, நீளத்தின் வர்க்கம், அதிர்வெண்ணின் வர்க்கம் ஆகியவற்றின் பெருக்கம். கப்பிகளுக்கிடையே 0.2 மீட்டர், மீட்டருக்கு 0.12 கிலோகிராம், வினாடிக்கு 100 அதிர்வு என்றால் 192 நியூட்டன். பெல்ட் தளர்ந்து அதிர்வெண் 70க்கு இறங்கினால் இழுவிசை ஏறக்குறைய பாதியாகிவிடும்.

தனியாக மாற்றக்கூடாத பொருள்

டைமிங் பெல்ட் மாற்றும் செலவில் பெரும்பங்கு பெல்ட்டின் விலையன்று, பிரித்துப் பூட்டும் கூலி. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் சக்கரமும், வழிகாட்டிச் சக்கரங்களும் பெல்ட்டோடு சேர்ந்தே இலட்சம் கி.மீ. சுழன்றவை. அவற்றின் பந்துத் தாங்கி இறுகினால் புதுப் பெல்ட்டும் சூடேறிக் கிழியும். பல எஞ்சின்களில் நீர்ப் பம்பையும் இதே பெல்ட்தான் ஓட்டுகிறது. ஆகவே மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம். தண்டின் முனையில் எண்ணெய் கசியும் வளையம் இருந்தால் அதையும் அப்போதே மாற்றவேண்டும். எண்ணெயில் ஊறிய பெல்ட்டுக்குக் கையேட்டின் எல்லை எதுவும் பொருந்தாது.

எண்ணெய்க்குள்ளேயே ஓடும் பெல்ட்டுகளும் வந்தன. உராய்வு குறைந்து எரிபொருள் மிஞ்சும் என்ற எண்ணத்தில், 2012இல் ஃபோர்டு தன் ஒரு லிட்டர் எஞ்சினில் இதை வைத்தது. வேறு சில ஐரோப்பிய நிறுவனங்களும் இவ்வழி சென்றன. தகுதியற்ற எண்ணெய் ஊற்றினாலோ, எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிட்டாலோ இந்தப் பெல்ட்டின் ரப்பர் துகள்துகளாக உதிர்ந்து எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். 2023 டிசம்பரில் ஃபோர்டு அமெரிக்காவில் ஃபோக்கஸ், ஈகோஸ்போர்ட் கார்கள் பலவற்றைத் திரும்ப அழைத்தது, எண்ணெய்ப் பம்பை ஓட்டும் பெல்ட்டின் டென்ஷனர் பழுதுக்காகத்தான். இவ்வகை எஞ்சின்களில் பல மறுபடி சங்கிலிக்கே திரும்பிவிட்டன. மறுபுறம், 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸ் காரின் எஞ்சினில் வெளிப்பெல்ட் ஒன்றுகூட இல்லை. அதன் நீர்ப் பம்பைக்கூட மின்மோட்டாரே சுழற்றுகிறது.

நீண்ட ஓட்டம் என்றதும் அமெரிக்கரான இர்வ் கோர்டனின் 1966ஆம் ஆண்டு வோல்வோ கார் நினைவுக்கு வரும். 2013இல் அது 30 இலட்சம் மைல்களைக் கடந்து கின்னஸ் சாதனையானது. அதன் எஞ்சினில் கேம் தண்டைச் சுழற்றியவை பல்சக்கரங்கள். டைமிங் பெல்ட் அதில் இல்லவே இல்லை.

பழைய கார் வாங்குபவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பெல்ட் கடைசியாக எப்போது மாறியது என்று பல வேளை யாருக்கும் தெரியாது. விற்பவர் வாய்மொழியாக "போன வருஷம்தான்" என்பார். ரசீது இல்லாவிட்டால் பெல்ட்டின் வயதைக் காரின் வயதாகவே கொண்டு கணக்கிடுவதுதான் பாதுகாப்பு. ரசீது இருந்தால் அதில் கி.மீ. எண் உள்ளதா, டென்ஷனரும் பம்பும் சேர்ந்து மாறினவா என்று பார்க்கவேண்டும்.

புதுப் பெல்ட் பூட்டியதும் நல்ல மெக்கானிக் உடனே சாவியைத் திருப்பமாட்டார். கிராங்க் தண்டின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுவார். ஏன் இரண்டு? அப்போதுதான் கேம் தண்டு ஒரு சுற்று முடித்து, எல்லா வால்வுகளும் ஒருமுறை திறந்து மூடியிருக்கும். எங்காவது தட்டினால் கையிலேயே தெரிந்துவிடும். அடையாளப் புள்ளிகள் மீண்டும் நேர் நிற்கின்றனவா என்று பார்த்து, மூடியைப் பூட்டி, தேதியையும் கி.மீ. எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி எஞ்சின் அறையில் ஒட்டிவிட்டுத்தான் சாவியை எடுப்பார்.